எழுதிப் போட்ட ஓட்டு

வாக்குச்சீட்டில் பெயரே அச்சாகாமல் ஸ்ட்ரோம் தர்மண்ட் 1954-ல் தென் கரோலினாவில் செனட்டர் ஆன கதையைப் போன வாரம் பார்த்தோம். அப்படி இன்னொருவர் ஜெயிப்பதற்கு 56 ஆண்டுகள் ஆயின. இந்த முறை களம் அலாஸ்கா. ஜெயித்தவர் அப்போது பதவியில் இருந்த செனட்டர்; அதுவும் உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர்களிடமே தோற்றுப்போனவர்.

லிசா முர்கோவ்ஸ்கி எப்படி செனட்டுக்குள் வந்தார் என்று தெரிந்தால்தான் 2010-ன் ருசி பிடிபடும். அவருடைய அப்பா ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி 1981 முதல் அலாஸ்காவின் செனட்டர். 2002-ல் மாநில கவர்னர் தேர்தலில் நின்று வென்றார். காலியான செனட் இடத்துக்கு மீதிக் காலத்துக்கு ஆள் நியமிக்கும் அதிகாரம் கவர்னருக்கு. கவர்னர் யோசித்தார், பலரை அழைத்துப் பேசினார், கடைசியில் தன் மகளையே நியமித்தார். அலாஸ்காவில் அன்று கிளம்பிய முணுமுணுப்பு லேசில் அடங்கவில்லை. அந்த நியமன அதிகாரத்தையே 2004-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பறித்தார்கள். அதே ஆண்டு மகள் மட்டும் முன்னாள் கவர்னர் டோனி நோல்ஸை மூன்று சதவீத வித்தியாசத்தில் வென்று தப்பினார். அப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2006 உட்கட்சித் தேர்தலில், பதவியில் இருக்கும் கவர்னருக்கு மூன்றாம் இடம். முதலிடம் பிடித்தவர் சாரா பேலின்.

பேலின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2008-ல் துணை ஜனாதிபதி வேட்பாளர், 2009-ல் கவர்னர் பதவியைப் பாதியில் விட்டவர், 2010-ல் அரசுச் செலவைக் குறைக்கச் சொல்லி நாடெங்கும் கிளம்பியிருந்த 'டீ பார்ட்டி' இயக்கத்தின் நட்சத்திரம். குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முர்கோவ்ஸ்கியை எதிர்த்து நின்ற ஜோ மில்லருக்கு அவர் ஆதரவு தெரிவித்தார். மில்லர் ஃபேர்பேங்க்ஸ் நகரத்து வழக்கறிஞர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிலும் யேல் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். வளைகுடாப் போருக்குப் போய் வந்தவர். தகுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாநிலத்தில் பெரும்பாலானோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. முர்கோவ்ஸ்கி தரப்பு அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கையில் பத்து லட்சம் டாலருக்கு மேல் இருந்தும் செலவழிக்காமல் வைத்திருந்தார்கள். டீ பார்ட்டி எக்ஸ்பிரஸ் என்ற அமைப்போ மில்லருக்காக லட்சக்கணக்கான டாலர்களை விளம்பரங்களில் கொட்டியது.

ஆகஸ்ட் 24, உட்கட்சித் தேர்தல் நாள். கருக்கலைப்பு செய்துகொள்ளும் மைனர் பெண்களின் பெற்றோருக்குத் தகவல் தர வேண்டுமா என்ற வாக்கெடுப்பும் அன்றைக்கே நடந்தது. அது பழமைவாத வாக்காளர்களைத் திரளாக வெளியே கொண்டுவந்தது. ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்குக் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஓட்டு கிடையாது. சுமார் 1,10,000 ஓட்டுகள் பதிவான அந்தப் போட்டியில் மில்லர் 2,006 ஓட்டு அதிகம் வாங்கினார். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 31-ல், முர்கோவ்ஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வழக்கமாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்கு அலாஸ்காவின் பொருளாதாரமே காரணம் என்பது என் கணிப்பு.

ரஷ்யாவிடமிருந்து 1867-ல் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய நிலம் அது, 1959-ல்தான் மாநிலமானது. அமெரிக்காவிலேயே பரப்பில் பெரியது, 2010-ல் மக்கள்தொகையோ ஏழு லட்சம் சொச்சம். நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குச் சாலை கிடையாது. சின்ன விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும். தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை இல்லை. விமான ஓடுதளம், துறைமுகம், மருத்துவமனை, குடிநீர் எல்லாமே வாஷிங்டன் பணத்தை நம்பி இருந்தன. அந்தப் பணத்தை நாற்பது ஆண்டுகள் அள்ளிக்கொண்டு வந்தவர் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ். அலாஸ்காவில் அவரை 'டெட் மாமா' என்றே கூப்பிடுவார்கள். 2008 தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஒரு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நூலிழையில் தோற்றார். அரசுத் தரப்பு செய்த முறைகேடுகள் அம்பலமாகி, அடுத்த ஆண்டே அந்தத் தீர்ப்பு ரத்தானது. போன பதவி போனதுதான். 2010 ஆகஸ்ட் 9-ல், உட்கட்சித் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பு, டில்லிங்ஹாம் அருகே விமான விபத்தில் அவர் இறந்தார். அடுத்து முர்கோவ்ஸ்கியும் போனால் செனட்டில் அலாஸ்காவுக்கு அனுபவமுள்ளவர் என்று யாரும் மிஞ்ச மாட்டார்கள். மில்லரோ மத்திய அரசின் செலவைக் குறைப்பதே தன் கொள்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் முதலில் பதறியவர்கள் பூர்வகுடி மக்கள். மாநில மக்களில் ஏழில் ஒரு பங்கு அவர்கள். 1971-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவர்களுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலமும் ஏறக்குறைய 96 கோடி டாலரும் கொடுத்தது. அதையெல்லாம் நிர்வகிக்கப் பகுதிவாரியாக நிறுவனங்களை உருவாக்கியது. அந்த நிறுவனங்கள் பின்னால் மத்திய அரசின் ஒப்பந்தங்களைச் சலுகையில் எடுத்துப் பெரிதாக வளர்ந்தன. அந்த ஒப்பந்தச் சலுகையைக் கட்டிக் காத்தவர்கள் அலாஸ்கா செனட்டர்கள். நிறுவனங்கள் தேர்தலில் தாராளமாகச் செலவழிக்கலாம் என்று 2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. ஆகவே பூர்வகுடி நிறுவனத்தார் 'அலாஸ்கன்ஸ் ஸ்டாண்டிங் டுகெதர்' என்றொரு குழு அமைத்து, முர்கோவ்ஸ்கிக்காகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டார்கள். அதை வெறும் நன்றிக்கடன் என்று எழுதுபவர்கள் உண்டு. கணக்குப் பார்த்துப் போட்ட முதலீடு என்பதே பொருத்தம். அதை ஒரு குறையாகவும் நான் சொல்லவில்லை.

முர்கோவ்ஸ்கி முதலில் லிபர்டேரியன் கட்சியின் சார்பில் நிற்க முடியுமா என்று பார்த்தார். கட்சி நிர்வாகிகள் மறுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே வழி. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களின் வாக்குச்சீட்டில் அச்சான பெயர்களுக்குக் கீழே ஒரு காலிக்கோடு இருக்கும். வாக்காளர் தனக்குப் பிடித்த ஆளின் பெயரை அதில் எழுதலாம். அலாஸ்காவிலேயே ஒரு முன்னுதாரணமும் இருந்தது, நல்ல முன்னுதாரணம் அல்ல. வியட்நாம் போருக்கு வழி திறந்த டான்கின் வளைகுடாத் தீர்மானத்தை 1964-ல் எதிர்த்த இரண்டே செனட்டர்களில் ஒருவரான எர்னஸ்ட் குரூனிங், 1968 உட்கட்சித் தேர்தலில் தோற்று இந்தக் கோட்டை நம்பி நின்றார். கிடைத்தது மூன்றாம் இடம்.

இதெல்லாம் தெரிந்தேதான் செப்டம்பர் 17-ல் ஆங்கரேஜில் முர்கோவ்ஸ்கி மீண்டும் களத்தில் இறங்குவதாக அறிவித்தார். வாஷிங்டனில் கட்சித் தலைமை மில்லர் பக்கம் நின்றது. செனட் கட்சிக் குழுவில் வகித்த பொறுப்பை முர்கோவ்ஸ்கி துறக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆறு வாரமும் ஒரே பாடம்: காலிக்கோட்டருகே உள்ள வட்டத்தை நிரப்புங்கள், பெயரை எழுதுங்கள். போலந்து வழி வந்த பெயர். எம், யூ, ஆர், கே, ஓ, டபிள்யூ, எஸ், கே, ஐ என்று ஒன்பது எழுத்து. எழுத்துக்கூட்டல் போட்டி மாதிரி தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தார்கள். வாக்குச்சாவடிக்குக் கட்டிக்கொண்டு போக, பெயர் பொறித்த ரப்பர் கைப்பட்டைகளை விநியோகித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய முதல் விளம்பரத்திலேயே இணைய முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது! இறந்துபோன ஸ்டீவன்ஸ் முன்பே பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்த ஆதரவு விளம்பரமும் அக்டோபரில் ஒளிபரப்பானது. அலாஸ்காவில் பலரை அது உலுக்கியிருக்கும்.

மில்லரும் தன் பங்குக்கு உதவினார். அக்டோபர் 17-ல் அவர் பேசிய கூட்டத்தில் கேள்வி கேட்டுத் துரத்திய பத்திரிகையாளர் ஒருவரை, மில்லரின் தனியார் காவலர்கள் பிடித்துக் கைவிலங்கு மாட்டிவிட்டார்கள். பத்து நாளில் வேறொரு பூதம் கிளம்பியது. ஃபேர்பேங்க்ஸ் உள்ளாட்சியில் வேலை பார்த்தபோது, சக ஊழியர்களின் கணினிகளைக் கட்சி விவகாரம் ஒன்றுக்குப் பயன்படுத்தியதும், அதைப் பற்றிப் பொய் சொன்னதும் அவருடைய அலுவலகக் கோப்புகளிலிருந்து வெளியே வந்தது. இதற்கிடையில், சீட்டில் பெயர் அச்சாகாத வேட்பாளர்களின் பட்டியலை வாக்குச்சாவடியில் காட்டலாமா என்று ஒரு வழக்கு. காட்டலாம் என்றது மாநில உச்ச நீதிமன்றம். உடனே ஒரு வானொலித் தொகுப்பாளர், முர்கோவ்ஸ்கியின் பெயர் பட்டியலில் தொலைந்துபோகட்டும் என்று நேயர்களைத் தூண்டிவிட்டார். நூறு பேருக்கு மேல் வேட்பாளராகப் பதிவு செய்தார்கள்!

நவம்பர் 2-ல் பொதுத் தேர்தல். அன்றிரவு எண்ணியபோது தெரிந்தது இவ்வளவுதான்: ஏதோ ஒரு பெயர் எழுதப்பட்ட சீட்டுகள் மில்லரின் ஓட்டுகளைவிட அதிகம். எந்தப் பெயர் என்று இயந்திரம் சொல்லாது. ஆகவே நவம்பர் 10 முதல் ஜூனோவில் ஒவ்வொரு சீட்டையும் மனிதர்களே கையில் எடுத்துப் படித்தார்கள். இரு தரப்புப் பிரதிநிதிகளும் மேசையருகே நின்று குனிந்து பார்த்தார்கள். பதிவு செய்த பெயரை, அல்லது குடும்பப் பெயரை எழுதியிருக்க வேண்டும், விதிவிலக்கு இல்லை என்கிறது சட்டம். அப்படியானால் ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது என்றார்கள் மில்லர் ஆட்கள். வாக்காளர் யாரை நினைத்தார் என்று புரிந்தால் போதும் என்றது தேர்தல் துறை. 8,159 சீட்டுகளுக்கு மில்லர் தரப்பு ஆட்சேபம் தெரிவித்தது.

முடிவு: முர்கோவ்ஸ்கி 1,01,091. மில்லர் 90,839. ஜனநாயகக் கட்சி வேட்பாளரான சிட்கா மேயர் ஸ்காட் மெக்ஆடம்ஸ் 60,045. ஆட்சேபித்த சீட்டுகள் அத்தனையையும் குப்பையில் போட்டாலும் முர்கோவ்ஸ்கி இரண்டாயிரம் ஓட்டுக்கு மேல் முன்னிலை! அப்பாவின் ஒரே கையெழுத்தில் கிடைத்த பதவிக்கு, இப்போது லட்சம் பேரின் கையெழுத்து. அதில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், கட்சி சாராதவர்கள், பூர்வகுடிக் கிராமத்தார் என எல்லாரும் இருந்தார்கள். ஆகஸ்டில் 1,10,000 பேர் எடுத்த முடிவை, நவம்பரில் இரண்டரை லட்சம் பேர் மாற்றி எழுதியிருந்தார்கள்.

மில்லர் மத்திய நீதிமன்றம், மாநில நீதிமன்றம் என்று ஏறி இறங்கினார். டிசம்பர் 22-ல் மாநில உச்ச நீதிமன்றம் எழுத்துப் பிழையால் ஓட்டு செல்லாமல் போகாது என்று தீர்ப்பளித்தது. டிசம்பர் 30-ல் வெற்றிச் சான்றிதழ் கையெழுத்தானது. மறுநாள் மில்லர் ஒதுங்கிக்கொண்டார்.

2016-ல் இருவரும் மறுபடி மோதினார்கள். இம்முறை மில்லர் நின்றது லிபர்டேரியன் கட்சி சார்பில். ஆறு ஆண்டுக்கு முன் முர்கோவ்ஸ்கிக்குக் கதவைச் சாத்திய அதே கட்சி. 29 சதவீதம் வாங்கித் தோற்றார். டிரம்ப்பைப் பதவி நீக்க விசாரணையில் குற்றவாளி என்று 2021-ல் வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களில் முர்கோவ்ஸ்கியும் ஒருவர். 2022 தேர்தலில் அவருக்கு எதிராக நின்ற கெல்லி ஷிபாகாவை டிரம்ப் ஆதரித்தார். அதற்குள் அலாஸ்காவில் கட்சிவாரி உட்கட்சித் தேர்தலே ஒழிந்து, வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தும் முறை வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த 2020 வாக்கெடுப்பைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)