பிரித்தானியாவின் வேலையின்மை உதவித்தொகை: கணக்கிடும் முறையின் வரலாறு

பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வேலை இழந்த தொழிலாளருக்கு வாராந்திர உதவித்தொகை வழங்க வழி செய்தது. நாடு தழுவிய கட்டாய வேலையின்மைக் காப்பீட்டில் உலகிற்கு முன்னோடி இதுவே. அதற்கு முன், தொழிற்சங்க நிதி கிடைக்காதவர்கள் ஏழையர் சட்ட உதவியை நாட வேண்டியிருந்தது. அதை வாங்குவது இழிவாகக் கருதப்பட்டது.

சந்தாவும் உதவித்தொகையும்

கட்டடம், கப்பல் கட்டுதல், இரும்பு வார்ப்பு முதலான சில தொழில்களைச் சேர்ந்த ஏறத்தாழ 22 லட்சம் பேர் முதலில் சேர்க்கப்பட்டனர். 1912 சூலை முதல் தொழிலாளியும் முதலாளியும் வாரம் தலா 2½ பென்ஸ் செலுத்தினர். இருவர் தொகையின் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரசு சேர்த்தது. சந்தாவுக்கு அடையாளமாகத் தொழிலாளியின் ஏட்டில் வில்லை ஒட்டப்பட்டது. 1913 சனவரியில் உதவித்தொகை வழங்கத் தொடங்கினர்.

கணக்கு எளிது: ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி, வாரத்திற்கு 7 ஷில்லிங், ஓராண்டில் 15 வாரங்களுக்கு மேல் இல்லை. வேலை இழந்த முதல் வாரத்திற்குத் தொகை கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தகுதி பெற்ற ஒருவரின் ஏட்டில் 30 வில்லைகள் இருந்தால், 30ஐ 5ஆல் வகுக்க 6 வாரம்; 6 × 7 = 42 ஷில்லிங். அவர் கையிலிருந்து செலுத்தியதோ 75 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் ஆதலால், அது 6 ஷில்லிங் 3 பென்ஸ்.

7 ஷில்லிங்கில் குடும்பம் நடத்த முடியாது. ஆனாலும், தமக்கு எவ்வளவு வரும் என்பதைத் தொழிலாளியே வீட்டில் உட்கார்ந்து கணக்கிட முடிந்தது. அது தருமம் அன்று, சந்தா கட்டிப் பெற்ற உரிமை.

1931இல் ஏற்பட்ட மாற்றம்

பெருமந்தத்தில் வேலையற்றோர் பெருகவே, 1931இல் ஆண் தொழிலாளிக்கான தொகை 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைக்கப்பட்டது. 26 வாரங்களுக்குப் பின் தொடர்ந்து உதவி பெற, வீட்டு வருமானச் சோதனை கட்டாயமாயிற்று. அதிகாரிகள் வீட்டிற்கே வந்து விசாரித்தனர். மகன், மகள் சம்பாத்தியமும் கணக்கில் சேர, தகப்பனுக்குரிய தொகை குறைந்தது. ஏட்டைப் பார்த்துத் தாமே போட்ட கணக்கு, அதிகாரியின் முடிவுக்குக் காத்திருப்பதாக மாறியது.

கடும் எதிர்ப்புக்குள்ளான இக்குடும்ப வருமானச் சோதனை 1941இல் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது.