கார் கண்ணாடிக்குக் கறுப்புக் கரை வந்த கதை

காரின் முன் கண்ணாடியைச் சுற்றி, வேட்டிக்கரை போல ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். உள்விளிம்பில் அது சிறுசிறு புள்ளிகளாகத் தேய்ந்து மறையும். அழகுக்காகப் போட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கண்ணாடியை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் பசைக்கு அதுதான் காவல். தேவாலயச் சன்னல், கிமோனோ துணி, மாவு சலிக்கும் பட்டு, செய்தித்தாள் படம் என்று பல வாசல் ஏறி இறங்கித்தான் அது நம் காருக்கு வந்திருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தியோஃபிலஸ் என்ற துறவி கைவினைகளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். சன்னல் கண்ணாடியில் கறுப்புக் கோடு தீட்டுவதற்கான செய்முறை அதில் இருக்கிறது. செம்புத் தகட்டைச் சுட்டுப் பொடியாக்க வேண்டும். பச்சைக் கண்ணாடித் தூளையும் நீலக் கண்ணாடித் தூளையும் அதோடு சம பங்காகச் சேர்த்து, திராட்சை மதுவிலோ சிறுநீரிலோ அரைக்க வேண்டும். அந்தக் குழம்பால் புனிதர்களின் முகத்தையும் உடை மடிப்பையும் வரைந்து உலையில் சுட்டால், தூள் உருகிக் கண்ணாடியோடு ஒன்றிவிடும்.

இன்றைய கறுப்புப் பட்டையும் ஏறக்குறைய அதே சரக்குதான். கண்ணாடித் தூள், செம்பும் குரோமியமும் கலந்த கறுப்பு நிறமி, குழைக்க ஓர் எண்ணெய். தொழிலில் இதற்கு ஃப்ரிட் என்று பெயர். சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல், கண்ணாடி இளகி வளையும் சூட்டிலேயே இதுவும் உருகிப் பிடித்துக்கொள்கிறது. நகத்தால் சுரண்டினாலும் வராததற்குக் காரணம் இதுதான்.

துறவி தூரிகையால் தீட்டினார். லட்சக்கணக்கான கார்களுக்குத் தூரிகை போதாது. வழி ஜப்பானிலிருந்து வந்தது. கிமோனோ துணிக்குச் சாயமிடுபவர்கள் காகிதத்தில் பூவேலை வெட்டி அச்சாக வைத்திருந்தார்கள். வெட்டிய துண்டுகள் நழுவாமலிருக்க மெல்லிய பட்டு இழைகளால் அவற்றைப் பிணைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் துறைமுகங்கள் திறந்ததும் வணிகர்களும் சேகரிப்பாளர்களும் இந்த அச்சுகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1907-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், பட்டுத் துணியையே அச்சுத் திரையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மாவு ஆலைகளில் சலிக்க நெய்த நெருக்கமான பட்டு இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பார்த்தவர்களெல்லாம் பின்பற்ற, விளம்பரப் பலகை முதல் கண்ணாடிப் புட்டி வரை ஸ்கிரீன் பிரின்டிங் பரவியது.

இதற்கிடையே கண்ணாடியும் மாறிக்கொண்டிருந்தது. 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெடிக்டஸின் ஆய்வகத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே காய்ந்துபோயிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909-இல் அவர் காப்புரிமை பெற்ற அடுக்குக் கண்ணாடி, முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குப் போய், பிறகு கார்களில் ஏறியது. மஞ்சளிக்கும் பழைய படலத்துக்குப் பதில், 1930-களின் இறுதியில் பாலிவினைல் ப்யூட்டிரால் வந்தது.

அப்போதும் கறுப்புப் பட்டைக்கு வேலை இல்லை. கண்ணாடியை ரப்பர் பீடிங் பிடித்திருந்தது. 1960-களில் அமெரிக்க நிறுவனங்கள் பசையால் ஒட்டத் தொடங்கின. பின்னர் பாலியூரித்தேன் பசை நிலைத்தது. கண்ணாடி வண்டியின் உடலோடு சேர்ந்து கூரைக்கே வலு கொடுத்தது. ஆனால் இந்தப் பசையை வெயிலின் புற ஊதாக் கதிர் அரித்துவிடும். துறவியின் கறுப்பும் சைமனின் திரையும் இங்கேதான் சேர்ந்தன: ஓரத்தில் கறுப்பை அச்சிட்டுச் சுட்டால் பசை நிழலில் இருக்கும், அதன் ஒழுங்கற்ற கோடும் வெளியே தெரியாது.

புள்ளிகள் எங்கிருந்து வந்தன? 1882-இல் மியூனிக்கின் கேயோர்க் மைசன்பாக் புகைப்படத்தைப் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக்கி அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கறுப்பு மை மட்டுமே கொண்ட செய்தித்தாளில் சாம்பல் நிறம் தோன்றியது அதனால்தான். கார் கண்ணாடியிலும் அதே உத்தி கறுப்பைப் படிப்படியாகத் தேய்க்கிறது. உலையில் கறுப்புப் பகுதி வேகமாகச் சூடேறும். பட்டை சட்டென்று முடிந்தால் அந்த எல்லையில் கண்ணாடி சீராக வளையாமல் காட்சி நெளியும். புள்ளிகள் அந்தச் சூட்டு வேறுபாட்டைப் பரப்பித் தணிக்கின்றன.

பயணம் இன்னும் முடியவில்லை. கண்ணாடித் தூள் எளிதில் உருகுவதற்காகச் சேர்த்த ஈயத்தின் இடத்தை இப்போது பிஸ்மத்தும் துத்தநாகமும் பிடித்திருக்கின்றன. முன் கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், கறுப்புக் கரை உள்ள சரியான கண்ணாடியையும் தரமான பாலியூரித்தேன் பசையையும் கேட்டு வாங்குங்கள். பசை இறுக மெக்கானிக் சொல்லும் நேரம் முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.