சாயம் வெளுத்த கதை (நிஜமாவே)

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க குடியிருப்பு மொட்டை மாடியில ஒன்பது வாண்டுகளை வச்சு மேய்ச்சேன். கோடை விடுமுறையாச்சே, எல்லாரும் டிவி முன்னாடி பழியா கிடக்கிறாங்கன்னு நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டது. ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு பெரிய பாத்திரம், கால் கிலோ மஞ்சள்தூள். "இயற்கைச் சாயம் போடப் போறோம்"னு பெருசா அறிவிப்பு வேற.

துணி எல்லாம் தகதகன்னு தங்க நிறம். பசங்களுக்கு ஒரே கும்மாளம். நானும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். கொடியில காயப்போட்டுட்டு இறங்கி வந்தாச்சு.

மூணு நாள் கழிச்சு ரெண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பொண்ணு வாசல்ல வந்து நிக்குது. கையில அந்தக் கைக்குட்டை. வெயில்ல கிடந்த பாதி வெளிறிப் போயிருக்கு. சோப்பு பட்ட இடம் செங்கல் நிறம். "அங்கிள், ஏமாத்திட்டீங்க"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம், "அந்தக் காலத்து துணியெல்லாம் இப்படித்தான் போயிடுமா?"ன்னு ஒரு கேள்வி.

அழுதிருந்தாகூட ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து சமாளிச்சிருப்பேன். கேள்வி கேட்டா என்ன பண்றது? புத்தகத்தை எடுத்தேன்.

மஞ்சள் வெயிலுக்கு நிக்காது, சோப்போட காரம் பட்டா சிவக்கும். ஆனா அந்தக் காலத்து துணியெல்லாம் அப்படியில்லை. மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக்கிட்டிருந்த பருத்தித் துணித் துணுக்கில் மஞ்சிட்டி வகைச் செடியின் வேர்ச்சாயம் இருந்தது. நாலாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. சூட்சுமம் சாயத்தில் மட்டும் இல்லீங்க, அதைத் துணியோட கட்டிப்போடற படிகாரத்தில் இருக்கு. நான் படிகாரத்தைக் கண்ணிலயே காட்டலை!

இதுல கில்லாடிங்க நம்ம சோழமண்டலக் கரைக்காரங்க. இங்கே மணற்பாங்கான இடத்தில் சாயவேர்னு ஒரு சின்னச் செடி முளைக்கும். சித்த வைத்தியத்தில் இம்பூறல்னு சொல்றது இதைத்தான். பார்த்தா களைன்னு பிடுங்கிப் போட்டுடுவீங்க. ஆனா அதோட மெல்லிசான வேர்லதான் அந்தப் புகழ்பெற்ற சிவப்பு இருந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைப்பாங்க. பாலோட கொழுப்பு, எழுதற கோடு பரவாம பிடிச்சுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரத் தண்ணியால எழுதி, முழுத் துணியையும் சாயவேரோட கொதிக்க வைப்பாங்க. படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு உக்காந்துக்கும். மத்த இடத்தைச் சாணத் தண்ணியும் வெயிலும் வெளுத்துடும். நீலத்துக்கு அவுரி. நீலம் ஏறக்கூடாத இடத்துக்கு மெழுகு.

துவைச்சாலும் போகாத இந்தத் துணியைப் பார்த்து ஐரோப்பா கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சது. அவங்க நெசவாளிங்க கொதிச்சுப் போக, 1686ல் பிரான்ஸ் தடை போட்டது. இங்கிலாந்து 1700ல் ஒரு சட்டம், அது போதாதுன்னு 1721ல் இன்னொண்ணு. தடை போட்டா ஆசை அடங்குமா? தொழில்நுட்பத்தைத் தெரிஞ்சுக்கணும்னு துடிச்சாங்க.

இங்கேதான் வர்றார் கேர்து பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் இருக்கிற ஒற்றுமையை ஆரம்பத்திலேயே கவனிச்சுச் சொன்ன அதே ஆசாமிதான். 1742ல் பிரான்சுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காயிலிருந்து கடைசிக் கழுவல் வரைக்கும் படிப்படியா அதில் இருந்தது. சொல்லிக்கொடுத்தவங்க அவர்கிட்ட மதம் மாறியிருந்த சாயக்காரங்க. சாமியார்தானே கேக்கிறார்னு நம்பிச் சொன்னாங்களோ என்னவோ! கடிதம் அச்சாகி ஊர் உலகமெல்லாம் படிச்சது. 1759ல் பிரான்ஸ் தடையை நீக்கியது. அடுத்த வருஷமே ஒபர்காம்ப் என்பவர் பாரிசுக்குப் பக்கத்தில் ஜூயியில் அச்சுத்துணிப் பட்டறை தொடங்கிட்டார்.

அந்த ஒரு கடிதத்தாலதான் நம்ம தொழில் அழிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். இயந்திரம் வந்தது, கம்பெனி ஆட்சி வந்தது. 1868ல் கிரேபேயும் லீபர்மானும், சாயவேரில் இருக்கிற அதே அலிசரினை ஆய்வகத்திலேயே செஞ்சுட்டாங்க. 1897ல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரியும் படுத்தது. அதுக்காக அவுரியைத் தலையில தூக்கி வச்சு ஆடவும் முடியலை. 1859ல் வங்காளத்து உழவர்கள் அவுரி பயிரிட மாட்டோம்னு கிளர்ந்தெழுந்தாங்க. 1917ல் காந்தி சம்பாரணுக்குப் போனதும் இதே பயிர்க் கொடுமைக்காகத்தான். செடியிலிருந்து வர்ற சாயம், ஆனா அதுக்குப் பின்னாடி அடியும் கடனும்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு பசங்ககிட்ட சொன்னேன். இந்தத் தடவை ஒழுங்கா தயார் பண்ணிக்கிட்டுப் போனேன். நாட்டுமருந்துக் கடையில் வாங்கின கடுக்காய்த் தோலை இடிச்சு ராத்திரி முழுக்க ஊறவச்ச தண்ணி. துருப்பிடிச்ச ஆணியையும் வெல்லத்தையும் போட்டு முன்னாடியே புளிக்க வச்ச இன்னொரு தண்ணி. (ஆபீஸ்ல பிடுங்கின ஆணி இல்லீங்க, நிஜ ஆணி.) கடுக்காய்த் தண்ணியில நனைச்சுக் காயவச்ச கைக்குட்டையில, குச்சியால ஆணித்தண்ணியைத் தொட்டு எழுதினா, கண்ணெதிர்லயே கருப்பாகுது! "மேஜிக்"னு ஒரே கத்தல்.

நம்ம பொண்ணு மட்டும் சத்தம் போடலை. "அந்தச் சாமியாருக்குச் சொல்லிக்கொடுத்தாங்களே, அவங்களுக்கு என்ன கிடைச்சுது?"ன்னு கேட்டுச்சு. பாதிரியார் பேரை நூறு புத்தகத்தில் பார்க்கலாம்; அந்தக் கைகளோட பேரை யாரும் ஞாபகம் வச்சுக்கலை. அதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, கைக்குட்டை ஓரத்தில் ஆணித்தண்ணியால தன்னோட பேரை எழுதிக்கிச்சு. மத்த எட்டு பேரும் உடனே அதையே செஞ்சாங்க.

நேத்து அவங்க வீட்டுக் கொடியில அந்தக் கைக்குட்டை தொங்குது. சோப்புப் போட்டுத் துவைச்சிருக்காங்க. பேரு அப்படியே இருக்கு.

உங்க வீட்டு வாண்டுகளோட செஞ்சு பாருங்க மக்களே. சமையல் பாத்திரத்தைத் தொடாதீங்க, தங்கமணி கையால அடி விழும் :-) படிகாரத்தை மறக்காதீங்க. முக்கியமா, உங்க ஊர்ல சாயப்பட்டறை வச்சிருந்த தாத்தா பாட்டி யாராவது இருந்தா, அவங்க செய்முறையை எழுதும்போது அவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க.