குக்குரியும் கொடுவாளும்

நேபாளத்துக் கொல்லர் ஒருவர் கையால் அடித்த குக்குரி ஒன்று அண்மையில் அன்னவாசலுக்கு, என் கைக்கு வந்து சேர்ந்தது. படையில் இருந்து ஓய்வுபெற்ற உறவினர் தந்த பரிசு. எருமைத்தோல் போர்த்திய மர உறையிலிருந்து அதை உருவியபோது இரும்பு தெரியுமுன் ஒளி தெரிந்தது. வாள் என்னும் சொல்லுக்கு ஒளி என்றும் நிகண்டுகள் பொருள் சொல்வதைக் கண்ணே ஒப்புக்கொண்டது. இப்படியொரு பொருள் முதன்முறை கைக்கு வந்தால் பிறர் எடை பார்ப்பார்கள், கூர் பார்ப்பார்கள். சொற்பித்து ஏறிய நம்மைப் போன்றவர்கள் பெயரைப் பிடித்துக்கொள்வோம். நானும் அதைத்தான் செய்தேன்.

நேபாளியர் நாவில் முதற் ககரம் மூச்சோடு வெடிக்கும். மூன்று உயிரும் முழுதாக ஒலிக்கும். ஆங்கிலேயர் நடுவிலிருந்த உகரத்தை விழுங்கிவிட்டார்கள். அவர்கள் எழுத்தின் வழியே வந்ததால் நம் செய்தித்தாள்கள் 'குக்ரி' என்று எழுதுகின்றன. ககர ஒற்றும் ரகரமும் அப்படி ஒட்டி நிற்பது நம் மெய்ம்மயக்கத்துக்கு ஆகாது. 'குகுரி' என்று எழுதினாலோ உயிரிடையில் ஒற்றையாய் நிற்கும் ககரம் மெலிந்து போகும். ஆகவே ககரத்தை இரட்டித்து, இழந்த உகரத்தையும் மீட்டுக் 'குக்குரி' என்று எழுதினால், தமிழ் இலக்கணமும் கெடுவதில்லை, நேபாள ஒலியும் பெருமளவு திரும்பிவிடுகிறது. வடக்கிலிருந்து வந்த வேறு கத்திப் பெயர்களும் நம்மிடம் உண்டு. வடமொழிச் 'சுரிகை' காப்பியங்களில் வீரர் இடையில் தொங்குகிறது. இந்தியில் கத்தியைக் குறிக்கும் 'சுரி' நம் தெருவுக்கு வந்து 'சூரி' ஆகி, அதுவும் போதாதென்று பின்னால் ஒரு கத்தியைச் சேர்த்துக்கொண்டு 'சூரிக்கத்தி' ஆயிற்று. நடுசென்டர் என்பதன் மூத்த அண்ணன் என்று இதைச் சொல்லலாம்.

குக்குரியைச் சொன்னால் அதை ஏந்தியவனையும் சொல்ல வேண்டும். கோர்க்கா என்பது நேபாள மலையில் ஒரு சிற்றூர். அதை ஆண்ட பிருதிவி நாராயண் ஷா 1768-இல் காட்மாண்டுவைப் பிடித்தார். 1814 முதல் 1816 வரை கம்பெனிப் படையோடு நடந்த போரில் எதிரியின் துணிவைக் கண்ட ஆங்கிலேயர், போர் முடியுமுன்பே 1815-இல் அந்த மலைமக்களைத் தம் படையில் சேர்த்துக்கொண்டனர். ஊர்ப்பெயர் படைப்பெயர் ஆனது. தமிழகத்துக்கு வந்தபோது தொழிற்பெயரும் ஆகிவிட்டது. தடியைத் தரையில் தட்டி, ஊதலை ஊதி நள்ளிரவில் தெருவைச் சுற்றிவிட்டு, மாதம் பிறந்ததும் வீடு வீடாய் வந்து நிற்பவர் 'கூர்க்கா'. இன்று வாயிலில் சீருடையோடு நிற்பவர் விருதுநகர்க்காரராக இருந்தாலும் சிலர் அப்படித்தான் அழைக்கிறார்கள். கூர்க்கா என்றதும் தமிழ்க்காது 'கூர்' என்பதைப் பற்றிக்கொள்கிறது. கத்தியும் கூடவே இருப்பதால் பொருத்தமாகவும் படுகிறது. ஆனால் அந்தப் பெயருக்குள் இருப்பது ஆ. கோரக்கநாதர் பெயரால் அமைந்த ஊர் அது. கோ என்றால் ஆ, ரக்ஷ என்றால் காத்தல். அவரைத் தமிழ்ச் சித்தர் மரபு கோரக்கர் என்று தன் பதினெண்மருள் ஒருவராக வைத்திருக்கிறது; நாகப்பட்டினத்தை அடுத்த வடக்குப் பொய்கைநல்லூரில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. தெருவில் ஊதல் ஊதியவரின் பெயரும் பொய்கைநல்லூரில் விளக்கேற்றப்படுகிறவரின் பெயரும் ஒரே வேரின் இரு கிளைகள்.

இனிப் பொருளுக்கு வருவோம். குக்குரி நடுவில் முன்னோக்கி வளைகிறது. கூர் அந்த வளைவின் உட்புறத்தில் இருக்கிறது. பாரசீகம், துருக்கி வழி வந்த வளைவாட்கள் வெளிவளைவால் வெட்டுபவை. இதுவோ நம் அரிவாளைப் போல உள்வளைவால் வெட்டுவது. இந்த வடிவத்துக்குத் தமிழ் எப்போதோ பெயர் வைத்துவிட்டது: கொடுவாள். கொடு என்றால் வளைந்த. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர்; தேளின் வளைந்த முனை கொடுக்கு; சுருண்டு தொங்கும் காய் கொடுக்காய்ப்புளி. செம்மை நேர் என்பதால் செங்கோல் அறம் ஆனது, வளைந்த கோல் கொடுங்கோல் ஆனது; வட்டார வழக்குக்குக் கொடுந்தமிழ் என்ற பெயரும் அந்தக் கணக்கில் வந்ததே. வளைவைக் குற்றமாக எண்ணி எண்ணித்தான் 'கொடுமை'க்கு இன்றைய பொருள் ஏறிற்று. கருவிகள் மட்டும் அந்தப் பழியிலிருந்து தப்பின, ஏனென்றால் அங்கே வளைவுதான் வேலை செய்கிறது. மலையாளத்திலும் கொடுவாள் உண்டு. தெலுங்கில் கதிர் அறுப்பது கொடவலி, கன்னடத்தில் குடுகோலு. கொங்கு நாட்டில் விறகு வெட்டவும் வேலிமுள் கழிக்கவும் இன்றும் கொடுவாளைத்தான் எடுக்கிறார்கள். (எங்கள் பக்கத்தில் கொடும்பாளூர் இருக்கிறது, அதையும் இந்த வரிசையில் கோத்துவிடக் கை துறுதுறுக்கிறது. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக முடிச்சுப் போடுவது சொல்லாராய்ச்சி ஆகாது என்பதால் விட்டுவிடுகிறேன்.)

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் கொடுவாள் வழங்குவதில்லை. இங்கே எல்லாம் அருவாதான். அரிதலுக்குரிய வாள் அரிவாள். வகரத்துக்காக இதழ் குவியத் தொடங்கும்போதே இகரம் உகரமாகிவிட, ஈற்று ளகரமும் தேய்ந்து 'அருவா' நிற்கிறது. அறுவடையை நினைத்து 'அறுவாள்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. பொருள் கெடவில்லை, வேர்தான் மாறிப்போகிறது. அடுக்களையில் காய் அரியும் அரிவாள்மணை பலர் எழுத்தில் அருவா'மனை' ஆகி வீடாகவே மாறிவிட்டது. இந்தத் தேய்மானத்துக்கு எங்கள் ஊர்ப்பெயரைவிட நல்ல சான்று வேண்டாம். சித்தன்னவாசல் குகைக்கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் செய்த திருப்பணியைச் சொல்லும் அக்கல்வெட்டில் இவ்விடத்தின் பெயர் அண்ணல்வாயில். ணகரம் னகரமாகி, லகரம் உதிர்ந்து, உயரம் ஒசரமாவது போல வாயில் வாசலாகி, இப்போது அன்னவாசல் என்று நிற்கிறது. சோற்றையோ பறவையையோ நினைத்துக் கதை சொல்ல இடமும் கொடுத்துவிட்டது. அந்த வாயிலில் இருக்கும் 'வாய்', கத்தியின் கூர்ப்பக்கத்துக்கும் பெயர். வாய் மழுங்கிவிட்டது என்று அரிவாளைப் பட்டறைக்கு எடுத்துப்போகிறவர் தாம் நிற்கும் ஊர்ப்பெயரின் ஒரு துண்டையும் சேர்த்தே சொல்கிறார்.

குக்குரியோடு நானும் ஒரு பட்டறைக்குப் போனேன். கொல்லர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுண்டிக் கேட்டார். "லாரிப் பட்டையில அடிச்சிருக்காங்க, நம்ம அருவா மாதிரியேதான்" என்றார். நேபாளத்திலும் பழைய வண்டிகளின் வில்பட்டையைக் காய்ச்சித்தான் பெரும்பாலும் அடிக்கிறார்கள். திருப்பாச்சேத்திக் கொல்லர்கள் கைக்கு வருவதும் அதே பட்டைதான். அங்கே ஊர்ப்பெயர் கத்திக்கு அடைமொழியாகி, 2005-இல் 'திருப்பாச்சி' என்று படத்துக்கே பெயராகி, ஊரைவிடக் கத்தி பெரிதாய்ப் புகழ் பெற்றுவிட்டது. தோய்ச்சலில்தான் வேறுபாடு. நம்மவர்கள் பழுக்கக் காய்ந்த வாயைத் தொட்டி நீரில் தோய்க்கிறார்கள். பெயரே அதைச் சொல்கிறது. நேபாளத்துக் கம்மியர் கெண்டியிலிருந்து நீரை வாய் நெடுக ஊற்றிக்கொண்டே போவார். வாய் மட்டும் கடினமாகும், முதுகு சற்று இளக்கமாகவே நின்று அடியைத் தாங்கும். கொல்லர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அதுக்குப் பேரு ஊத்துச்சல்னு வையிங்க" என்றார். அகராதிக்காரர்கள் கவனிக்கட்டும்.

பிடிக்குச் சற்று மேலே வாயில் ஒரு சிறு வெட்டு. ஆவின் குளம்பு என்பார் சிலர், சிவனின் சூலம் என்பார் சிலர்; கசிவு பிடிக்கு இறங்காமல் அங்கேயே சொட்டிவிடவே அது என்பாரும் உண்டு. எனக்கு அதைவிட உறையின் பின்புறம்தான் பிடித்தது. அங்கே விரல் நீளத்தில் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கின்றன. கூரானது கர்தா, சில்லறை வேலைக்கு. பாரசீகத்தில் கார்த் என்றால் கத்தி. மற்றது மழுங்கல். பெரிய கத்தியைத் தீட்டவும் கல்லில் உரசித் தீப்பொறி எழுப்பவும் வைத்திருப்பது, அதன் பெயர் சக்மக். துருக்கியில் தட்டிப் பொறி எழுப்புவதைக் குறிக்கும் அந்தச் சொல் பாரசீகம், இந்துத்தானி வழியாக மலையேறி நேபாளத்துக்குப் போயிருக்கிறது. அதே சொல் தெற்கே இறங்கி, நம் வாயில் மகரத்துக்கும் உகரம் பெற்று, எதுகையோடு இரட்டைச் சொல்போல ஒலித்து, பள்ளிப் பாடநூலில் ஆதிமனிதன் நெருப்பு மூட்டிய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது: சக்கிமுக்கிக்கல்.