உறையில் மழுங்கிய வாள்

நிஜாமின் குதிரை வீரர்கள் கலகக்காரர்களோடு மோதிய ஒரு சண்டையில் கைகளும் கால்களும் ஒரே வெட்டில் துண்டாகி விழுந்தன. செய்தி கேட்ட இங்கிலாந்துக் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்கு வியப்பு தாளவில்லை. அவர்கள் என்ன வாள் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலும் பிரிட்டிஷ் படை கழித்துப்போட்ட பழைய வாள்கள்! பிடியை மாற்றி, சவரக்கத்தி போலத் தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். சண்டைக்கு மட்டுமே உருவினார்கள். அதே வாள் வெள்ளைக்காரச் சிப்பாயின் இடுப்பில் இரும்பு உறைக்குள் தொங்கும். அணிவகுப்புக்கு அணிவகுப்பு உருவி உருவிச் செருகியதில் கூர் மழுங்கிவிடும். எப்படி வெட்டுகிறீர்கள் என்று ஒரு கிழட்டுச் சிப்பாயிடம் கேட்டதற்கு, ஓங்கி வெட்டுவோம் என்பதுதான் பதிலாம்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் லூயிஸ் எட்வர்ட் நோலன், 15ஆம் ஹுஸார் படைப்பிரிவு. 1818இல் கனடாவில் பிறந்தவர். மிலான் நகரில் வளர்ந்தவர். பதினான்கு வயதில் ஆஸ்திரியக் குதிரைப்படையில் சேர்ந்து ஹங்கேரியில் சேணம் ஏறிப் பழகினார். 1839இல், அக்கால வழக்கப்படி பணம் கட்டி பிரிட்டிஷ் படையில் பதவி வாங்கினார். படையோடு வந்து சேர்ந்த இடம் பெங்களூர் தண்டு. அங்கே குதிரையேற்றம் கற்றுத்தரும் பொறுப்பு கிடைத்தது. பிறகு மெட்ராஸ் கவர்னர் சர் ஹென்றி பாட்டிங்கரிடம் ஏ.டி.சி. (உதவி அதிகாரி) வேலை.

சாட்டையும் முள்ளும் கொண்டு குதிரையைப் பணியவைப்பது வீண்வேலை, பொறுமையாகப் பழக்கினால் சீக்கிரமே படைக்குத் தயாராகிவிடும் என்பது நோலனின் கட்சி. புதுக் குதிரைகளைப் பழக்குவது பற்றி 1852இல் ஒரு நூல், குதிரைப்படையின் வரலாறும் போர்முறையும் பற்றி 1853இல் இன்னொன்று. அவர் பெயரில் ஒரு சேணமும் உண்டு. சொந்த உடைமை என்று நோலனுக்கு இருந்ததெல்லாம் இப்படிக் குதிரையைச் சுற்றியே இருந்தது. நல்ல தலைவன் கையில் குதிரைப்படை எதையும் உடைக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடு கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மூத்த அதிகாரிகள் பலர் தகுதியால் அல்ல, பணத்தால் மேலே வந்தவர்கள் என்ற எரிச்சல் வேறு. எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை.

1854இல் கிரிமியப் போர். குதிரை வாங்க அவரைத் துருக்கிக்கும் சிரியாவுக்கும் அனுப்பினார்கள்; பாலைவனக் குடிகளிடம் பேரம் பேசி வாங்கிவந்தார். பிறகு ஜெனரல் ஏரியின் ஏ.டி.சி.

அக்டோபர் 25, பாலக்லாவா. குன்றின் மேலிருந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லனுக்கு, கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துச்செல்ல முற்படுவதாகப் பட்டது. அதைத் தடுக்கச் சொல்லி அவர் வாயால் சொன்னதை ஏரி ஒரு சிறு தாளில் பென்சிலால் கிறுக்கினார். செங்குத்தான சரிவில் அதை வேகமாகக் கொண்டுபோக நோலனை விட்டால் யார்? கீழே பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூகனுக்கோ அந்தப் பீரங்கிகள் கண்ணிலேயே படவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். நோலன் கையை வீசிப் பள்ளத்தாக்கின் பக்கம் காட்டினாராம். பேச்சில் மரியாதை குறைவு. இருவரும் நிதானமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் கதையே வேறு.

லூகன் தனக்குக் கீழிருந்த படைப்பிரிவின் தலைவரான மைத்துனர் கார்டிகனுக்கு உத்தரவிட்டார். ஏறத்தாழ 670 பேர் மூன்று பக்கமும் பீரங்கிகள் நின்ற பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார்கள். நோலன் திடீரென முன்னே பாய்ந்து ஏதோ கத்தினார். தப்பான திசை என்று தடுக்கப் பார்த்தாரா, வெறியில் முந்தினாரா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். தடுக்கப் பார்த்தார் என்று நம்பவே எனக்கு ஆசை. ஆனால் அதற்குச் சாட்சியம் போதாது. குண்டுச் சிதறல் நெஞ்சைப் பிளந்தது. அன்றைய பாய்ச்சலின் முதல் பலி அவர்தான். உயிர் போன பிறகும் உடல் சற்றுதூரம் சேணத்திலேயே நிமிர்ந்து இருந்தது என்கிறார்கள் பார்த்தவர்கள். அன்று 110 பேர் அளவில் மாண்டார்கள்.

நோலனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அவர் எழுதியதல்ல. 17ஆம் லான்ஸர் படைப்பிரிவின் கேப்டன் மாரிஸ் தன் இளம் மனைவிக்கு எழுதியது. நோலன் தன் தாய்க்கு எழுதிய கடிதம் மாரிஸிடம். யார் செத்தாலும் மற்றவர் சேர்ப்பிக்க வேண்டும் என்று நண்பர்களுக்குள் ஏற்பாடு. தலையில் வெட்டுப்பட்டு விழுந்த மாரிஸ் பிழைத்தார். நான்கு ஆண்டு கழித்து, 1858இல், நம் நாட்டில் புனேயில் நோயில் இறந்தார்.

பென்சில் சீட்டை லூகன் பத்திரப்படுத்தினார். பழி தன் தலையில் விழுந்து லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது, 1855இல் பிரபுக்கள் சபையில் தன் தரப்பைச் சொல்ல அவருக்கு இருந்த பெரிய ஆயுதம் அந்தத் தாள்தான். இன்று அது லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதில் சொல்ல நோலன் உயிரோடு இல்லாதது லூகனுக்கு வசதி, ராக்லனுக்கும்தான்.

கார்டிகன் பிரபுவுக்கு அன்று உடம்பில் பெரிய கீறலில்லை. ராத்திரி துறைமுகத்தில் நின்ற தன் சொந்தப் படகுக்குத் தூங்கப் போய்விட்டார். அந்த மகானுபாவரின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)