சில்லும் அச்சும்: ஊவா மலைநாட்டில் ஒரு பழுதுபார்ப்பு மரபு

ஊவாவின் வரலாற்றை எழுத முற்படுவோர் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும், கோப்பியின் வீழ்ச்சியையும், தேயிலையின் எழுச்சியையும் விரித்துரைப்பர். இம்மலைகளில் சில்லுகளை ஓயாது சுழலவைத்த கைகளைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. வீட்டு முற்றத்தில், கைக்கருவிகளை மட்டும் கொண்டு, மோட்டார் வண்டியின் பின்சில்லுப் பெயாரிங்கை மாற்றும் வேலை வரலாற்றுக்குரிய பொருளன்று எனச் சிலர் எண்ணலாம். அவ்வேலை இங்கு வேரூன்றிய விதத்தை நோக்குவார்க்கு, அதனுள்ளே ஒரு சமூகத்தின் கதை அடங்கியிருப்பது புலனாகும்.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டு விளைவைக் கீழே இறக்கியவை மாட்டு வண்டிகளே. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் 1869இல் மடுல்சீமையிலேயே கண்டறியப்பட்டது. புகையிரதப் பாதையோ 1867இல் கண்டியை அடைந்தபோதிலும், பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலுமே வந்து சேர்ந்தது. இந்த நீண்ட இடைக்காலம் முழுவதும் ஊவாவின் வாழ்வு மரச்சில்லையும் அதன் அச்சையும் நம்பியிருந்தது. அச்சு தேய்ந்தால் வண்டி நிற்கும்; ஆகவே அச்சுக்கு எண்ணெயிடுதல் அன்றாடக் கடமையாயிற்று.

தேயிலை வந்தபின் தொழிற்சாலை எழுந்தது. ஒரே இயந்திரத்தால் இயங்கும் நீண்ட சுழல்தண்டு கூரையை ஒட்டி ஓடும். அதிலிருந்து தோற்பட்டிகள் வழியாக உருட்டும் இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரங்களும் விசை பெறும். அத்தண்டைத் தாங்கிய பெயாரிங்குகளுள் ஒன்று சூடேறினாலும் கொழுந்து வீணாகும். இவற்றைக் காப்பதே பிட்டர் எனப்பட்டவரின் கடமை. தொழிற்சாலையின் சில்லுக்குரிய காவல் தெய்வமாக ரோதமுனியைத் தோட்ட மக்கள் வழிபட்டமை, அச்சுழற்சியை அவர்கள் எத்துணை அச்சத்தோடும் மதிப்போடும் நோக்கினர் என்பதற்குச் சான்றாகும்.

பசறைப் பகுதித் தோட்டமொன்றில் பிட்டராக இருந்த என் பாட்டனார், இரும்புக் கம்பியொன்றின் ஒரு முனையைப் பெயாரிங் கூட்டின் மீதும் மறுமுனையைக் காதின் மீதும் வைத்துப் பழுதை அறிவார். இவ்வறிவே பின்னர் மோட்டார் வண்டிக்கும் பயன்பட்டது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன்முன் வந்திருந்த மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற வண்டிகளை எவ்வாறேனும் ஓடவைக்க வேண்டியதாயிற்று. புதிய உதிரிப்பாகம் அரிதாகையால், பழுதுபார்ப்பு என்பது தேர்வன்று, கட்டாயமாயிற்று. ஞாயிறுதோறும் பெரிய கிளாக்கரின் மொறிஸ் மைனர் எங்கள் லயத்து முற்றத்துக்கு வரும்.

வேகம் கூடக் கூடப் பின்புறம் முனகல் உயருமாயின், பெயாரிங் தேய்ந்துள்ளது என ஐயுறலாம். வேலையின் முதல் விதி முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்தலாகும். கைப்பிரேக் பின்சில்லுகளையே பிடிப்பதால், பின் டிரம்மைக் கழற்றியபின் சரிவில் வண்டியைத் தடுக்க வேறெதுவுமில்லை. மலைநாட்டார் இதனை மறப்பதில்லை. பின்னர் சில்லையும் டிரம்மையும் நீக்கி, அரை அச்சை உருவி, பூட்டுத் தகட்டின் மடிப்பை நிமிர்த்தி, பெரிய நட்டைத் திருப்ப வேண்டும். சில வண்டிகளில் இடப்பக்க நட்டு இடஞ்சுழியாய் இருக்கும். அறியாதவர் வலிந்து திருப்பி மரையைக் கெடுப்பர். பழைய பெயாரிங்கை வெளியேற்றியபின், புதியதை அதன் வெளிவளையத்தில் மட்டும் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டிக் கூட்டுக்குள் இறக்க வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் விசை குண்டுகளின் வழியே சென்று, ஓடுமுன்னரே அதனைப் பழுதாக்கும். எண்ணெய் கசிந்து பிரேக்கை நனைக்காதிருக்கச் சீலையும் உடன் மாற்றுதல் நன்று.

1977இன் திறந்த பொருளாதாரம் புதிய வண்டிகளைக் கொணர்ந்தது, இம்மரபு தளர்ந்தது. எனினும் 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025இலேயே தடை நீங்கியபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கைகளே மீண்டும் தேடப்பட்டன. அவற்றுட் பல அதற்குள் ஓய்ந்துவிட்டிருந்தன. என் பாட்டனாரின் கைகளும் அவற்றுள் அடங்கும்.

தோட்டத்துச் செக்ரோல் ஏட்டில் அவர் உழைத்த நாட்கள் எழுதப்பட்டன. அவர் அறிந்திருந்தவை எழுதப்படவில்லை. அவருடைய இரும்புக் கம்பி இன்றும் எங்கள் வீட்டில் உண்டு. அதனைக் காதில் வைத்தால் எனக்கு ஒலி கேட்கிறது; நல்ல ஒலி எது, கெட்ட ஒலி எது எனப் பிரித்தறிய இயலவில்லை. மலையக வரலாற்றை ஆராயும் மாணவர் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுமுன், இன்னும் உயிரோடிருக்கும் பிட்டர்களின் முற்றத்துக்குச் செல்லுதல் வேண்டும். ஏடுகள் காத்திருக்கும், அவர்கள் காத்திரார்.