மலக்குடல் புற்றுநோய்: கதிர்வீச்சின் அளவும் உடனடிப் பக்கவிளைவுகளும்

மலக்குடல் புற்றுநோயில், அறுவை சிகிச்சைக்கு முன் கதிர்வீச்சு கொடுக்க இரண்டு முறைகள் நிலைபெற்றுள்ளன. ஒன்று, நாளுக்கு 5 கிரே வீதம் ஐந்தே நாளில் 25 கிரே. மற்றொன்று, நாளுக்கு 1.8 கிரே வீதம் 28 தடவை. ஐந்தரை வாரத்தில் மொத்தம் 50.4 கிரே, கூடவே கீமோதெரபி. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே.

25 என்பது 50.4-இல் பாதிதானே, வீரியமும் பாதிதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே தடவையில் விழும் 5 கிரே, அதையே சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுப்பதைவிட அதிகச் சேதம் செய்யும். சுவீடனில் 1987 முதல் 1990 வரை 1,168 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில், இந்த 25 கிரே, ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்புவதை 27 விழுக்காட்டிலிருந்து 11-ஆகக் குறைத்தது.

நம் ஊரில் 'கரண்டு வைப்பது' என்றாலும், மேசையில் படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஷாக்கும் இல்லை, வலியும் இல்லை. தொல்லை பிறகுதான் வரும். குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. கதிர்வீச்சு அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கிறது. நீண்ட சிகிச்சையில் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு, போன பிறகும் போக வேண்டும் போன்ற முக்கல், சிறுநீர்க் கடுப்பு, ஆசனவாய்த் தோல் எரிச்சல், அசதி எல்லாம் தலைகாட்டும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குறுகிய முறையில் கணக்கு ஏமாற்றும். 312 பேர் பங்கேற்ற போலந்து ஆய்வில் கடுமையான உடனடி விளைவுகள் குறுகிய முறையில் 3.2 விழுக்காடு, நீண்ட முறையில் 18.2. ஆனால் குறுகிய முறையில் ஒரு வாரத்துக்குள் அறுவை செய்துவிட்டார்கள். விளைவுகள் உச்சம் தொட நேரமே இல்லை. ஸ்டாக்ஹோம் III என்ற ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. உடனே அறுவை செய்துகொண்ட 357 பேரில் ஒருவருக்குத்தான் கதிர்வீச்சுத் தொல்லை பதிவானது; நான்கு முதல் எட்டு வாரம் காத்திருந்த 355 பேரில் 23 பேருக்கு. அப்படியும் காத்திருப்பு வீணில்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் 53 விழுக்காட்டிலிருந்து 41-ஆகக் குறைந்தன.

2004-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அறுவைக்கு முன் கதிர்வீச்சு பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்குக் கடுமையான உடனடி விளைவு, பின்பு பெற்றவர்களில் 40. பின்பு பெற்றவர்களுக்கு 5.4 கிரே கூடுதல் என்பது ஒரு காரணம். மலக்குடலை எடுத்த பிறகு சிறுகுடல் அந்த வெற்றிடத்தில் இறங்கிக் கதிரின் பாதையில் கிடப்பது மற்றொன்று. சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொள்ளச் சொல்வதும், நடுவே குழியுள்ள பலகையில் குப்புறப் படுக்க வைப்பதும் சிறுகுடலை விலக்கத்தான்.

இயல்பைவிட ஒரு நாளில் ஏழு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக மலம் கழிந்தால் மருத்துவ அளவுகோலில் அது மூன்றாம் நிலை. காய்ச்சலும் சேர்ந்தால் அடுத்த முறைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.